சிலியின் வக்கீல்

சீட்டுக் குலுக்கியதில் எனக்குச் சிலி விழுந்தது.
வகுப்பே ‘ஊ’ என்றது.
பேராசிரியர் வியரோயெல் கண்ணாடியைத் துடைத்தபடி,
“கொன்டோரி, மூன்று வாரம்.
ஹேக் நீதிமன்றம் நம் நான்காவது மாடியில் கூடும்” என்றார்.
லிஃப்ட் ஓடாது என்பதைச் சொல்லவில்லை.

லா பாஸ்காரர்களுக்குத் தெரிந்த கதைதான், மற்றவர்களுக்காக:
எங்களுக்கு ஒரு கடல் இருந்தது.
முப்பாட்டன் காலத்துப் போரில் சிலிக்குப் போனது.
கடற்படை மட்டும் இன்னும் இருக்கிறது.
என் தம்பி எஃப்ராயின் அதில் கட்டாய சேவையில் இருக்கிறான்,
டிட்டிகாக்கா ஏரியில்,
வெள்ளைத் தொப்பியும் துடைத்த பூட்ஸுமாய்,
ஒருவனுக்கு வாந்தி வருமளவுகூட அலை இல்லாத தண்ணீரில்.

மார்ச் மாதம் வந்தால் பள்ளியில்
நீலத்தாள் வெட்டிக் கடல் ஒட்டுவோம்.
ஒரு வருஷம் என் கடலுக்கு முதல் பரிசு.
பசை காய்வதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

காலையில் மினிபஸ்ஸில் ஆள் கூப்பிடுவது என் பிழைப்பு.
பெரெஸ், பிராதோ, சான் பெத்ரோ!
பெரெஸ், பிராதோ, சான் பெத்ரோ!
நாலு பேர் இருக்கையில் ஐந்தாவது ஆளுக்கு
இடம் ஒதுக்கச் சொல்லி ஒப்பவைப்பேன்.
அதற்குப் ‘பலதரப்புப் பேச்சுவார்த்தை’ என்று பெயர்
என்பதை இரண்டாம் பருவத்தில்தான் சொன்னார்கள்.

நிறுத்தத்துக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே
சில்லறைப் பைக்கு மேல் விரித்துவைத்துப் படித்தேன்:
1904ஆம் வருஷத்து ஒப்பந்தம்,
அதன்பின் வந்த கடிதங்கள், குறிப்புகள்,
பேசலாம் பேசலாம் என்று
ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட மரியாதைகள்.
மூன்றாம் நாள் சான் பெத்ரோ திருப்பத்தில்
வாதம் பூட்டுப்போலச் சொடுக்கென்று விழுந்தது.
பேசலாம் என்றவன் தருகிறேன் என்றவன் ஆகமாட்டான்.
எனக்கு அது பிடித்திருந்தது.
பிடித்ததுதான் அசிங்கமாக இருந்தது.

இரவில் அம்மா சூப் வைத்தாள்.
“என்ன படிக்கிறாய்?”
“பரீட்சைக்கு.”
உயூனி உப்பு, எங்கள் மண்ணின் உப்பு,
கடல் போனாலும் போகாத உப்பு.
அன்றைக்கு அது கொஞ்சம் தூக்கலாக இருந்தது.
உப்பிட்டவரை நினை என்பார்களே,
நினைத்துக்கொண்டேதான் குடித்தேன்.

பொலிவியாவின் வக்கீல் ரெய்னால்தோ அபாசா.
மார்பில் கைவைத்தான், குரல் உடைந்தது,
கடைசி வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.
நான் எழுந்தேன்.
“என் நண்பர் அழகாக ஏங்குகிறார்.
ஏக்கம் எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்று மட்டும்
நீதிமன்றத்துக்குச் சொல்லட்டும்.”

மாணவ நீதிபதிகள் மூவர்.
இரண்டுக்கு ஒன்று, சிலி.
நிஜ ஹேக்கில் பன்னிரண்டுக்கு மூன்று;
நாங்கள் கொஞ்சம் இரக்கக்காரர்கள்.

நான்கு மாடியும் யாரும் பேசாமல் இறங்கினார்கள்.
இரண்டாவது மாடித் திருப்பத்தில் ரெய்னால்தோ நின்றிருந்தான்.
“உன் குறிப்புகளைத் தருவாயா?”
கொடுத்தேன்.
ஓரத்தில் பஸ் கட்டணக் கணக்கு இருந்தது.
அதையும் சேர்த்துப் படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை எஃப்ராயின் கூப்பிட்டான்.
ஏரியின் காற்று போனில் இரைந்தது.
“கோர்ட்டு என்னாச்சு? ஜெயித்தாயா?”
“ஜெயிச்சேன்.”
“நம்ம பக்கம்தானே?”
“பூட்ஸ் நனைஞ்சுதா? அங்கே மழையா?” என்றேன்.
மழைதான் என்றான்.
வேறொன்றும் கேட்கவில்லை.

திங்கள் காலை, பெரெஸ் நிறுத்தம், இங்கேயும் மழை.
பின் இருக்கையில் தொப்பிக்காரர் ஒருவர் நகர மறுத்தார்.
“நாலு பேருக்குத்தான் சீட்டு. நான் முதலில் ஏறினவன்.”
அவர் சொன்னது சரி.
எழுத்து எழுத்தாய்ச் சரி, அவருக்காக நானே வாதாடலாம்.
வாசலில் ஒரு பெண் பிளாஸ்டிக் உறைக்குள் பிள்ளையோடு
ஒரு காலைப் படியில் வைத்து நின்றாள்.
டிரைவர் ஹாரன் அடித்தார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு,
அவரையும் பார்த்து, அவளையும் பார்த்து,
பழக்கதோஷத்தில்
ஊர்ப் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தேன்.