குடும்பப் பெயர்

சாங்கி வர்த்தகப் பூங்கா, ஏழாம் மாடி.
வெள்ளி இரவு பதினொன்று நாற்பது.
வங்கியின் குளிர்
என் முழங்கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.
ஓர் எச்சரிக்கைக்கு நான்கு நிமிடம்.
இது எண்பத்தாறாவது.

அனுப்புநர்: இசக்கிராஜா சுடலைமுத்து.
துவாஸ் விடுதி, கப்பல் பட்டறையில் பற்றவைப்பு.
பெறுநர்: சுடலைமுத்து வேலாண்டி.
தொகை அறுநூற்று நாற்பது வெள்ளி.

இயந்திரம் சிவப்பில் கேட்கிறது:
இரண்டு பெயரிலும் சுடலைமுத்து,
ஒரே ஆள்தானா?
தனக்குத்தானே எதற்கு அனுப்புகிறான்?

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று
இதற்கு யார் சொல்வது.
காலிக் கட்டம் கூடாதென்றார்கள்,
அப்பனைத் தூக்கி அதில் வைத்தோம்.
அப்பன் இப்போது சந்தேக நபர்.

'தந்தை' என்று தட்டினேன்.
ஒரு சொல் போதாதாம்.
'பணம் பெறுபவர் அனுப்புபவரின் தந்தை;
தமிழர் வழக்கில் மகன் பெயருக்குப் பின்னால்
தந்தை நிற்கிறார்.'
ஆங்கிலத்தில்தான் எழுதினேன்.
அதில் அவர் இவ்வளவு நிமிர்ந்து நிற்கவில்லை.

இனி மேலதிகாரி ஒப்ப வேண்டும்.
ஹுவீ மின் ஆறரைக்கே போய்விட்டாள்.
திங்கள் காலைவரை
அந்த அறுநூற்று நாற்பது
கடல்மேல் நிற்கும்.

எண்பத்தேழு.
ராபின்சன் சாலை, இருபத்திரண்டாம் மாடி.
அதே கதவு எண்ணில் முந்நூறு நிறுவனங்கள்.
(எல்லாரும் எங்கே உட்காருவார்கள் என்று
சேர்ந்த புதிதில் கேட்டேன். சிரித்தார்கள்.)
நான்கு மில்லியன் வெள்ளி, ஆலோசனைக் கட்டணம்.
யாருக்கு, எதைப்பற்றி?
எல்லாம் இணைப்பில் இருக்கிறது.
கையொப்பம் இருக்கிறது.
முத்திரை கோணாமல் விழுந்திருக்கிறது.
குறை கண்டுபிடிக்க ஆசைப்பட்டே தேடினேன்,
நான்கு நிமிடமும்.
பச்சை.
அழுத்தியது என் விரல்தான்.

மின்தூக்கித் திரையில் காலாண்டு அறிக்கை ஓடுகிறது:
மூலதனம் வலுவாக உள்ளது,
வாராக்கடன் குறைவு,
நாட்டின் நிதித்துறை எந்த அதிர்ச்சியையும் தாங்கும்.
பொய்யில்லை.
கணக்கெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது,
தொண்டையில் சிக்குவது அதுதான்.

எக்ஸ்போவில் கடைசி ரயில் போய்விட்டது.
டாக்சிக் காசு வங்கி தரும்,
செயலியில் விண்ணப்பிக்க வேண்டும்:
பெயர், தில்லைக்கரசி.
அடுத்த கட்டம் காலியாக இருந்தால்
உள்ளே விடாது.
அம்பலவாணன் என்று நிரப்பினேன்.
செத்து ஆறு வருடமாகிறது,
இருபத்துமூன்று வெள்ளிக்கு
எழுந்து வந்து சாட்சி சொல்கிறார்.