வார்ஃபில் நிற்கும் என்ஜினீயர்

தேங்காய்பட்டணம் துறைமுகம், காலை ஆறேகால்.
ஐஸ் லாரி பின்வாங்குகிறது.
டூல் பையைத் தோள் மாற்றிக்கொண்டு
'சிந்தாத்திரை மாதா'வின் முன் நிற்கிறேன்.
நாளை மறுநாள் கடலுக்கு, நாற்பது நாள்.
வயர்லெஸ் பேசவில்லை.

"கம்பெனியில ஆள அனுப்பச் சொன்னேனே?"
ஓனர் ரூபன்தாஸ் என் பின்னால் பார்க்கிறார்.
என் பின்னால் ஐஸ் லாரி.
"நான்தான் ஆள்."

கெட்டவரில்லை. சாயா வாங்கித் தருகிறார்.
பிறகு பிடரியைச் சொறிந்தபடி:
"போட்டுல பெண்ணு ஏறக்கூடாதுல்லா மக்களே.
எனக்கு ஒண்ணுமில்ல,
பணிக்காரனுவ முறுமுறுப்பானுவ.
செட்டக் கழத்தி எறக்கித் தாறேன்."

படகின் பெயர் மாதா.
கடன் பத்திரத்தில் கையெழுத்து அவர் மனைவி.
வலைக்காக அடகுக்குப் போனது
அவளுடைய வளை.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
"செட்டில் கோளாறு என்றால் இறக்கலாம்.
கோளாறு எங்கே என்று தெரிய
ஏற வேண்டும்" என்றேன்.

நான்கு வருடமாக இதே வாக்கியம்,
குளச்சலில், முட்டத்தில், சின்னமுட்டத்தில்.
முதல் வருடம் சத்தமாக.
இரண்டாம் வருடம் அழுகையை விழுங்கிக்கொண்டு.
இப்போது
சாயா ஆறுவதற்குள்.

சரி. ஜெனோ என்ற பொடியன் ஏறுகிறான்.
மீட்டர் அவன் கையில்,
கேள்வி என் வாயில்.
"முள் எங்க நிக்குது?"
"மூணுல."
"பேசுற பட்டனை அமுக்கிப் பிடி."
"அதுக்கும் மேல போவுது அக்கா."

மூன்று என்றால்
அனுப்பியது வானத்துக்குப் போகவில்லை,
ஏறிய கம்பி வழியே திரும்பி வருகிறது.
கத்தினாலும் அவ்வளவுதான்.
கத்துகிறவனின் செட்தான் சுடும்.
கல்லூரியில் இதைச் சமன்பாடாகப் படித்தேன்.
பிறகு வேலை தேடிய
பதினோரு மாதம் படித்தேன்.

"ஆன்டெனா அடியில கனெக்டர் இருக்கும், கழற்று."
"ரெண்டு இருக்கே?"
"தடிச்ச கேபிள்."
அவன் மெலிந்ததைக் கழற்ற
ஜிபிஎஸ்ஸும் போனது.

வலை மூட்டையில் உட்கார்ந்திருந்த
சிராங்கு சூசைமிக்கேல்
பீடியைக் கடலில் எறிந்தார்.
"லேய், அவளே ஏறட்டு.
அறுபது பாகத்துக்கு அங்க காத்து திரும்புனா
நான் உங்க முறுமுறுப்பையா
வயர்லெஸ்ல கேக்கப் போறேன்?"

யாரும் கைகொடுக்கவில்லை.
வேண்டியும் இல்லை.
படகு ஓர் அலைக்கு விலகி
ஓர் அலைக்கு அண்டும்.
அண்டும்போது கால் வைத்தேன்.

வீல் ஹவுஸில் டீசல், பழைய மீன்,
ஸ்டீயரிங்கில் சுற்றிய ஜெபமாலை.
கூரைமேல் ஏறி டேப்பை அறுத்தேன்.
உள்ளே செம்பு பாசி நிறத்தில் பூத்திருந்தது.
அழுகிய முழத்தை வெட்டி எறிந்து,
புதுச் செம்பைச் சீவி,
காற்றுக்கு முதுகு காட்டிக் குனிந்து
ஈயம் உருகும் வரை மூச்சைப் பிடித்து...
முள் இறங்கியது.
ஒன்று புள்ளி இரண்டு.

மைக்கை எடுத்தேன்.
"சிந்தாத்திரை மாதா பேசுது.
யாருக்காவது கேக்குதா?"
இரைச்சல்.
மறுபடி.
இரைச்சல்.
டெக்கில் ஐஸ் உடைக்கும் சத்தமும் நின்றது.

பிறகு, கரைக்குத் திரும்பும் ஏதோ ஒரு படகிலிருந்து
தூக்கம் கலையாத குரல்:
"கேக்குது, கேக்குது.
யாரு? பெண்ணு சத்தம் கேக்குதே?"
"ஆன்டெனா சரிபாக்கேன் அண்ணே.
சத்தம் எப்படி?"
"பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு."

இறங்கி, பில் எழுத வார்ஃபில் குந்தினேன்.
மேலே ஒருவன் வாளியில் கடலை மொண்டு
நான் நின்ற பலகையில் ஊற்றினான்.
ஜெனோ என்னைப் பார்க்காமல்
அவனையும் பார்க்காமல்
கயிற்றைச் சுருட்டினான்.

கழுவட்டும்.
கனெக்டர்மேல் நான் சுற்றிவிட்ட டேப்
தண்ணீர் புகாத வகை.
மூன்று சுற்று.