அரிதாரத்துக்குக் கீழே

கணப்புச் சட்டியைப் போர்வைக்குள் இடுக்கிக்கொண்டு
முதல் வரிசையில் ஜய்யகர்.
மடியில் பூர்ஜ மரப்பட்டை, அதில் எட்டுக் கோடு:
உறைதல், வியர்த்தல், மயிர் சிலிர்த்தல், குரல் உடைதல்,
நடுங்கல், நிறம் மாறல், கண்ணீர், மூர்ச்சை.
மனம் ஒன்றிக் கனியாமல்
இவை உடம்புக்கு வரா என்பார்.

வரும், ஐயா.
விதஸ்தை உறைந்து கிடக்கும் தை மாதத்தில்
எல்லோருக்கும்தான் நடுங்குகிறது.
நாற்பது விளக்குக்கு முன்னால் நிறுத்தினால்
கல்லுக்கும் வியர்க்கும்.
கண்ணீருக்கு மை அரைப்பவள் நான்.
மிளகு எத்தனை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

நான் சில்லா. முகம் எழுதுகிறவள்.

இன்று மாலை சுகலாவின் முன்கையில்
மஞ்சள் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தேன்.
திரைக்கு அந்தப் பக்கம் மத்தளக்காரன்
யாரிடமோ பேச்சுவாக்கில் சொன்னான்:
கணவாயிலிருந்து பதினொரு பேர் இறங்கியிருக்கிறார்கள்,
தன்யகன் அதில் இல்லை.

அவள் திரும்பவில்லை.
உதட்டில் மூன்றாம் அங்கத்து வசனம்
ஓர் எழுத்துப் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.
தூரிகைதான் தட்டியது.
இறகு பறித்த வாத்தின் தோலாகக்
கை முழுக்கப் புள்ளி புள்ளியாய் எழுந்துவிட்டது.
மஞ்சள் மேட்டில் ஒட்டியது, பள்ளத்தில் ஒட்டவில்லை.
இரண்டாம் பூச்சு. மூன்றாம் பூச்சு.
யார் தன்யகன் என்று நான் கேட்கவில்லை.
அவள் கணவன் பெயர் அது இல்லை.

மூன்றாம் அங்கத்தில் போர் முடித்து அரசன் திரும்புகிறான்.
அரசி ஆனந்தத்தில் உறைய வேண்டும்; உறைந்தாள்.
குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது.
கூட்டம் மூக்கைச் சிந்தியது.
மை தீட்ட மறந்திருந்தேன் என்பது
எனக்குப் பாதியில்தான் உறைத்தது.

ஜய்யகர் பின்கட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்,
எப்போதும் உலர்ந்த சர்க்கரைப் பாதாமி கொண்டுவருவார்.
"ஏழு தேறிவிட்டது, சில்லா.
நிறம் மாறினதை மட்டும் நான் பார்க்கவில்லையே?"
"பூச்சுக்கு மேலே எப்படித் தெரியும், ஐயா?"
அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

வாதுமை எண்ணெயில் துணி நனைத்து
நெற்றியிலிருந்து துடைத்தேன்.
மஞ்சள் போனது. கீழே
ஊறவைத்த அரிசியின் நிறம்.
உதட்டிலும் அதே நிறம்.

வாசலில் அவள் கணவன் செருப்பின் பனியைத் தட்டுகிற சத்தம்.
ஒரு விளக்கை அணைத்தேன்.
செங்காவி ஒரு சிட்டிகை, குங்குமப்பூச் சாறு இரண்டு சொட்டு;
அவள் முகத்தையே அவள் முகத்தின் மேல்
மறுபடி எழுதினேன்.
இத்தனை மெல்லிசாக நான் எதையும் எழுதியதில்லை.

"போ," என்றேன்.
"கையை மட்டும் போர்வைக்கு வெளியே எடுக்காதே."