வலப்பக்கம் நல்

ஐந்து வருடத்தில் ஒரு புகாரும் தராத வீடுகளைப்
பட்டியலிட்டுத் தரச் சொன்னார் தேவசகாயம் சார்.
வரவேற்பறைச் சுவரில் மாட்டுவார்களாம்,
‘நிறைவான நுகர்வோர்’ என்று தலைப்பிட்டு.

சிந்தாதிரிப்பேட்டை, குடிநீர் அலுவலகம், மூன்றாவது மாடி.
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்தில் என் மேசை.
ஆறே வரி வினவல்:
வீடுகள் எல்லாம் இடப்பக்கம் நிற்கட்டும்,
அவரவர் புகார் வலப்பக்கம் வந்து சேரட்டும்,
யாரும் வந்து சேராத வீட்டை மட்டும் எனக்குக் கொடு.
வராத இடத்தில் எந்திரம்
நல் என்று எழுதும்.
சுழியம் அல்ல அது, வெற்றிடமும் அல்ல.
தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்பதன் குறி.
சார் அதைத் தமிழாகவே வாசித்தார்:
“நல். நல்லதுதானே?”

ஆயிரத்து முந்நூற்றுப் பதினேழு நல்.
பாதிக்குமேல் அண்ணா நகரின் பூட்டிய பங்களாக்கள்,
பெசன்ட் நகரில் ஆழ்துளைக் கிணறு வைத்தவர்கள்.
அறுபத்தொன்று மட்டும் ஒரே தெருவில்:
வியாசர்பாடி, பாலாமணித் தோட்டம், மூன்றாவது குறுக்கு.
ஒரு தெரு முழுக்கவா வாயைத் திறக்காது?
எங்கள் தெருவில் தெருவிளக்கு சிமிட்டினாலே
மூன்று பேர் போன் போடுவார்கள்.

சனிக்கிழமை போனேன். லாரி வந்திருந்தது.
குடங்களின் வரிசை முன்னே, சண்டை பின்னே.
ருக்கையா என்ற பெண்
இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நின்றாள்.
“புகாரா? சொல்லிச் சொல்லி நாக்கு தேஞ்சுபோச்சு மேடம்.
போன் பண்ணா நம்பர் கேக்குது.
நம்பர் போட்ட அட்டை வெள்ளத்துல போச்சு.”
குழாயைத் திறந்து காட்டினாள்.
காற்று வந்தது.
கொஞ்சம் பொறுத்து ஒரு கரப்பான்.

திங்கள் காலை வினவலைத் திருப்பிப் போட்டேன்.
புகார்கள் இடப்பக்கம் நிற்கட்டும்,
வீடு கிடைக்காத புகாரை மட்டும் கொடு.
வந்துகொண்டே இருந்தன. டீ ஆடை கட்டிவிட்டது.
குறிப்புப் பத்தியில், இரவுப்பணியில் யாரோ தட்டியவை:
தண்ணீரில் சாக்கடை நாற்றம். எண் தெரியாதாம்.
லாரி நான்கு நாளாக வரவில்லை. எண் இல்லை.
குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்கிறார். எண் கேட்டேன். வைத்துவிட்டார்.
மறுபடி அதே அம்மா. எண் இல்லை.
மறுபடி.

அந்தப் பட்டியலில் வாயில்லாத வீடுகள்.
இந்தப் பட்டியலில் வீடில்லாத வாய்கள்.
எந்திரம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை,
கேட்டதற்குத்தான் அது பதில் சொல்லும்.

ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.
தேக்கு நிறச் சட்டம் கண்ணாடியோடு வந்து இறங்கிவிட்டது,
ஆணி அடிக்கும் சத்தம் கீழே கேட்கிறது.
நான் தேடல் கட்டத்தில் பாலாமணி என்று அடிக்கிறேன்.
பாலமணி, பலாமணி, பாலாமனி, வாலாமணி...
காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருக்கிறாள்
அந்த இரவுப்பணிப் பெண்.
ஒவ்வொன்றாக, கையால்,
கதவு எண் கேட்டுக் கேட்டுக் கோத்துக்கொண்டிருக்கிறேன்.
நான்கு முடிந்திருக்கிறது.