வாசி என்னும் கணு

இரவு ஒன்பதே கால்.
இரத்மலானையிலிருந்து ஹார்ட் டிஸ்க் வந்தது
ஒரு பொலித்தீன் பையில்,
அதற்குமேல் இன்னொரு பொலித்தீன் பையில்,
முஸம்மிலின் சேர்ட்டுக்குள்.
"மழை எனக்குத்தான் மிஸ், இதுக்கு இல்ல."
கையொப்பம் வாங்கினான். பிளேன்டீ வேண்டாமென்றான்.

வெள்ளவத்தையில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே ரயில்பாதை,
அதற்கும் அப்பால் கடல்.
ஒவ்வொரு ரயிலுக்கும் திரை ஒருமுறை நடுங்கும்.
கோப்புகள் இறங்கும் நேரத்தை நான் அப்படித்தான் அளப்பேன்:
இருநூற்று நாற்பது பிரேம், இரண்டு ரயில்.

சாம்பல் வெளியில் முதல் கணுவை வைக்கிறேன்.
கரும்புக்கு இருப்பதால் இதற்கும் கணு என்றே சொல்வேன்,
பக்கத்து மேசை நிமந்த சிரிப்பான்.
அந்தக் கணுவின் பெயர் 'வாசி'.
ஏவல் வினை.
ஏவப்படுவது மெசினா நானா,
ஆறு வருடமாகத் தெளிவில்லை.

பாதை சொல்லவேண்டும் அதற்கு.
எந்த டிரைவ், எந்த நாள், எந்தக் கமரா.
படமெடுத்தவன் போல்டர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறான்:
'பைனல்', 'பைனல் புதுசு', 'இதுதான்'.
'இதுதான்' திறந்தேன்.
அது இல்லை.

பிறகு நிறம்.
காலிமுகத்திடல் கஞ்சித்தண்ணிபோல் வெளிறிக் கிடந்தது.
எந்த நிறவெளியில் பிறந்தாய் என்ற கேள்விக்குச்
சரியான பதிலைத் தெரிந்ததும்
கடலுக்குக் கடல் வந்தது
பட்டங்களுக்கு அவற்றின் மஞ்சள்.
பிழையான பதிலுக்கும் ஏதோவொரு நிறம் வந்திருக்கும்,
பயம் அதுதான்.

செக்கனுக்கு இருபத்து நாலென்று தானாக நினைத்துக்கொண்டது.
இருபத்தைந்து ஆக்கினேன்.
நடந்துகொண்டிருந்தவர்கள் தத்தம் நடைக்குத் திரும்பினார்கள்.

காப்புறுதி விளம்பரம்.
குடும்பமொன்று கடலைப் பார்த்து நிற்கிறது.
வலது ஓரத்தில், யாரிடமும் சம்பளம் வாங்காமல்,
இறால் வடை வண்டிக்காரி
காற்றுக்கு முதுகு காட்டி நெருப்புக்குச்சி உரசுகிறாள்.
ஒன்று. அணைந்தது.
இரண்டு. அணைந்தது.
அவளை அழிக்கத்தான் எனக்குக் காசு.

ஆயிரத்து நூற்று முப்பத்தேழில் படம் நின்றது.
முப்பத்தாறு உண்டு. முப்பத்தெட்டு உண்டு.
'காணவில்லை' என்றது.
இந்த ஊரில் அந்தச் சொல்லை
கோப்புக்கென்று மட்டும் வாசிக்க என் கண் பழகவில்லை.

கணு நாலு வழி காட்டியது:
பிழையென்று நில்,
அல்லது கறுப்பை வை,
அல்லது சதுரங்கக் கட்டம்,
அல்லது பக்கத்தில் இருப்பதைத் திரும்ப வைத்து
ஒன்றும் நடக்காததுபோல் போ.

எல்லோரும் நாலாவதை எடுப்பார்கள்.
நானும் எடுத்திருக்கிறேன், கணக்கு வைத்ததில்லை.
ஆனால் முப்பத்தாறில் குச்சி இருட்டு.
முப்பத்தெட்டில் முழுச் சுடர், உள்ளங்கை சிவந்திருக்கிறது.
பற்றிய கணம்
இல்லாத அந்தக் கோப்பில் இருக்கிறது.

ஜெனூஷாவுக்குப் போன் எடுத்தேன்.
தூக்கக் குரல்: "அக்கா, எப்படியும் அவவ அழிக்கத்தானே போறீங்க?"
"ஓம். அழிக்கிறதெண்டாலும் முதல்ல அவ இருக்கோணும்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு லாச்சி இழுபடும் சத்தம்.

பதினொன்றே முக்காலுக்குக் கார்ட் வந்தது.
இந்தமுறை முஸம்மில் பிளேன்டீ குடித்தான்,
கோப்பையோடு என் கதிரைக்குப் பின்னால் நின்றான்.
ஆயிரத்தொன்றிலிருந்து ஓடவிட்டேன்.
முப்பத்தேழு:
குச்சி முனையில் அரிசியளவு நீலம்.
"இந்த அம்மாவா? இவக்கு எப்பவும்
மூணாவதுலதான் மிஸ் பத்தும்."

அவன் போனபின் வயரை இழுத்து
அடுத்த கணுவில் கொளுவினேன்.
அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'தீட்டு'.
ஏவல்தான், ஆனால் அதை மட்டும்
நான் சத்தமாகச் சொல்வதில்லை.

கீழே எத்தனை கணு தொங்கவிட்டாலும்
மேலே மூலத்தில் ஒரு புள்ளி மாறாது.
விடியும்போது விளம்பரத்தில் வெறும் கடல்.
சேமித்தேன்.
முதல் ரயில் போனது, திரை நடுங்கியது,
'வாசி'யின் சிறு சதுரத்துக்குள்
அவள் கையைக் குவித்தபடி.