சொம்புக் கணக்கு

ஆறு மீன்களைப் பாலித்தீன் பையில் கட்டி
மடியில் வைத்துப் பாண்டிச்சேரியிலிருந்து
பஸ்ஸில் கொண்டுவந்தான் தேவநாதன்.
ஆல்பேட்டை செக்போஸ்டில்
பைக்குள் என்ன என்ற போலீஸுக்குத் தூக்கிக் காட்டினானாம்:
"ஏஞ்சல் சார். ஒண்ணு எண்பது ரூபாய்."
வேறெதையோ எதிர்பார்த்து ஏறியவர்
பேசாமல் இறங்கிப் போனாராம்.

மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வந்த இடத்தில்
என் தையல் மெஷின் இருந்தது.

எங்கள் மஞ்சக்குப்பத்து போர் தண்ணீரில்
பருப்பே வேகாது,
இவை எப்படி வாழும் என்றான்.
பாதி மழைநீர், பாதி கேன் தண்ணீர்.
குழம்புக்கு உப்புத் தண்ணீர் போதுமாம்.
சில்வர் பீச் சாலையில் சிவந்து உதிர்ந்த
நாட்டு வாதாம் இலைகளைப் பொறுக்கி
அலசி மிதக்கவிட்டான்.
மூன்றாம் நாள் தொட்டி நிறைய
பாலூற்றாத டீ.

பக்கவாட்டில் நின்றால் பாய்மரம்,
நேராய்த் திரும்பினால் வெறும் கோடு.
நான் கடக்கும்போதெல்லாம்
கண்ணாடியில் வாயை ஒட்டிப்
பசி பசி என்றன.
"நம்பாதே.
அதோட வயிறு அதோட கண்ணளவுதான்."
என் பசிக்கு இத்தனை கணக்கு
அவன் பார்த்ததில்லை.

ஆறில் இரண்டு ஜோடி சேர்ந்து
மற்ற நாலையும் மூலையில் தள்ளி
வால் கிழியக் கொத்தின.
அந்த நாலும்
லைன் இன்ஸ்பெக்டர் கலியபெருமாள் வீட்டுக்குப் போயின.
முட்டையிடச் சாய்த்து வைத்த சிலேட்டை
இவை சீண்டவேயில்லை.
ஃபில்டர் குழாயில் வரிசை வரிசையாக
ஜவ்வரிசி மாதிரி ஒட்டின.
மறுநாள் பாதி வெளுத்தது.
அடுத்த நாள் காலை குழாய் சுத்தமாக இருந்தது.
பெற்றதையேவா என்றேன்.
"லைட்டை அணைச்சதும் பயந்திருக்கும்."

இரண்டாம் முறை இட்டபோது
கார்த்திகைப் புயல்.
மின்வாரிய ஜீப் வந்து
அவனைத் துறைமுகத்துப் பக்கம் ஏற்றிப்போனது.
மாலை நாலு மணிக்குக் கரண்ட் நின்றது.
நிறுத்தியது அவர்கள்தான்,
அவர்களில் இவனும் ஒருவன்.
தொட்டியில் குமிழிகள் ஓய்ந்தன.

ஏழு மணிக்குப் போனில்,
காற்றுக்கு நடுவே, அவன் குரல்:
"சொம்பால மொண்டு
ஒரு அடி உயரத்திலேர்ந்து ஊத்து. மெதுவா.
முட்டை இருக்கிற பக்கம்..."
டவர் போய்விட்டது.

முட்டை இருக்கிற பக்கம் ஊற்றவா,
ஊற்றக் கூடாதா?

எதிர்ப் பக்கமே ஊற்றினேன்.
தூங்காமலிருக்க எண்ணினேன்.
நூற்றுப் பத்தில் எதிர்வீட்டுத் தகரம் பறந்தது.
முந்நூறில் மெழுகுவத்தி அணைந்தது,
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்:
அப்பன் ஒரு முறை, ஆத்தாள் ஒரு முறை,
மாற்றி மாற்றி முட்டைகளுக்குச்
செதிலால் விசிறிக்கொண்டிருந்தன.
எனக்கு மாற்றாள் இல்லை.
இந்நேரம் எந்தக் கம்பத்தில் இருக்கிறானோ என்று
அவனை வாய்விட்டுத் திட்டினேன்.
அறுநூற்றுச் சொச்சத்தில் கணக்குத் தவறியது.

விடிந்தபோது குழாய் சுத்தமாக இருந்தது.
ஒரு முட்டை இல்லை.

சீ, என்றேன் அவற்றின் முகத்துக்கு நேராக.
ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.
ஏனென்று கேட்டால் தெரியாது,
கை பழகிவிட்டது.

மூன்றாம் நாள் வந்தான்,
முழங்கால் வரை சேறு, கண் இரண்டும் மிளகாய்.
ஊர் முழுக்க விளக்கெரிய
எங்கள் தெரு மட்டும் இருட்டு.
லைன்மேன் வீட்டிலுமா என்று
அக்கம்பக்கம் சிரித்தது.

சட்டையைக் கூடக் கழற்றாமல்
டார்ச்சோடு தொட்டிமுன் குந்தினான்.
"தின்னலை.
வாயால கவ்வி இடம் மாத்தியிருக்கு, பாரு."
பின்பக்கத்துச் செடி இலையின் அடியில்
கொசு மீசை அளவு வால்கள்
நூறு, இருநூறு, துடித்துக்கொண்டிருந்தன.
எந்தப் பக்கம் ஊற்றச் சொன்னாய்
என்று கேட்கத் திரும்பினேன்.
டார்ச் எரிய எரிய
தரையிலேயே தூங்கிவிட்டிருந்தான்.

பதினேழு பிழைத்தன.
பாய்மரம் விரிந்ததும்
கலியபெருமாள் வந்து நாலு கேட்டார்.
"கிடையாது" என்ற குரல்
சமையலறையிலிருந்து வந்தது.
இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.