நீர்க்கோடு

'சகாய அன்னை' வள்ளம் கரையணையும்போதே
அதன் நீலப் பட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவே
எத்தனை விரல் என்று பார்த்துவிடுவேன்.
பாம்பன் தெற்குவாடியில்
தராசெல்லாம் அப்புறம்தான்.

அமிழ்ந்த மட்டுக்குக் கடல் விலகி இடம் விடும்.
விலகிய தண்ணீரின் எடைதான்
மேலே உள்ள அத்தனையும்:
மரம், என்ஜின், வலை, இன்னாசி, அவர் மச்சான்,
பாதி தீர்ந்த பீடிக்கட்டு உட்பட.
கடலுக்குக் கள்ளக்கணக்கு தெரியாது.

நேற்றுப் போகையில்
ஐஸ் பன்னிரண்டு பார், டீசல் நூற்றைம்பது லிட்டர்.
நாலு விரல்.
இன்று டீசல் புகையாகிவிட்டது,
ஐஸ் உருகி, இறைத்துக் கொட்டியாயிற்று.
அப்போதும் நாலு விரல்.

ஆக,
கரைந்துபோன எடைக்குக் காரல் வந்திருக்கிறது,
கொஞ்சம் கணவாயும்.

என் பேரேட்டில்
இன்னாசி பெயருக்கு நேரே
மூன்று லட்சத்துப் பத்தாயிரம் முன்பணம்.
அதற்காகத் தண்ணீர்
மயிரிழைகூட விலகியதில்லை.

கயிற்றோடு குதிக்கிறார்.
வள்ளம் ஒரு நகக்கண் உயர்கிறது,
அவர் கழுத்துவரை முங்கி நிமிர்ந்து
"எத்தனை விரல், ரெஜினா?" என்கிறார்.

நாலு என்றேன்.
நகக்கண்ணை
எழுதவில்லை.